அழுங்கின் பிடி

பாறைச்சுனையின் கரையில் காட்டெருமை வீராயி காலால் கோடு கிழித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய சடுகுடு அணி நின்றது. ஒரு கீரி, ஒரு மந்தி, அப்புறம் ஓடு வேய்ந்த மாதிரி உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னியான ஓர் அழுங்கு. அந்தப் பக்கம் செந்நாய்கள். நாலும் ஒரே நிறம், ஒரே நடை, ஒரே முறைப்பு.

கோடை வந்தால் அந்தக் காட்டில் சுனை ஒன்றில்தான் தண்ணீர். சடுகுடுவில் ஜெயித்தவர்களுக்குத்தான் கோடை முழுக்கச் சுனை சொந்தம். போன வருஷம் வீராயி தன் கூட்டத்துக் காட்டெருமைகளை மட்டும் வைத்து ஆடித் தோற்றாள். செந்நாய்கள் சுனையைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. மற்றவர்கள் எல்லாரும் மலை ஏறி இறங்கி ஆற்றுக்குப் போனார்கள்.

இந்த வருஷம் அவளுக்குப் பால் மறக்காத கன்று ஒன்று இருந்தது. அந்த ஏற்றத்தை அது தாங்காது. அதனால்தான் பல இனத்தாரையும் கூப்பிட்டு அணி சேர்த்தாள்.

"மேலே இருக்கிறவனே, என் பிள்ளைக்குத் தண்ணி காட்டு" என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு அணியைப் பார்த்து அதட்டினாள்.

"தோளோடு தோள் ஒட்டி நில்லுங்க! யாரும் சத்தம் போடக் கூடாது! பின்னால ஒரு அடி வைக்கிறவங்க எங்க கூட்டத்துல கடைசியாத்தான் மேயணும், தெரியுமா?"

"நாங்க எங்கே அக்கா புல் மேய்ஞ்சோம்?" என்று மந்தி முணுமுணுத்தது.

யார் ஜெயித்தாலும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது ஆமை ஒன்றுதான். அதனால் அதையே நடுவராக வைத்திருந்தார்கள். "ஆடுங்க!" என்று ஆமை தலையை நீட்டியது.

செந்நாய்த் தலைவன் செம்பன் பாடிக்கொண்டு வந்தான். கீரி சட்டென்று பின்னால் நழுவியது.

"முன்னால வா!" என்று வீராயி கத்தினாள். கீரி தடுமாறி முன்னால் வந்து தொடுபட்டது. "பார்த்து, உதைக்க வர்றான்!" என்று மந்தி கூவியது. "வாயை மூடு!" என்றாள் வீராயி. மந்தி வாயை மூடியது. அடுத்த உதை அதற்கே விழுந்தது. செம்பனின் கால் அழுங்கின் மேல் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது.

செந்நாய்கள் விழுந்து விழுந்து சிரித்தன. "ஏய் எருமை! பலாக்காயைக் கொண்டுவந்து ஆட வெச்சிருக்கே!"

கீரிக்குக் கோபம் வந்துவிட்டது. "போதும்! இனி அவங்கவங்க இஷ்டப்படி ஆடுவோம்!" என்றது. அதுவும் விளங்கவில்லை. கீரி நழுவிய இடத்தில் மந்தி குதித்தது. மந்தி குதித்த இடத்தில் வீராயி முட்டினாள். செந்நாய்கள் சும்மா நின்றே புள்ளி எடுத்தன.

பாதி ஆட்டம் முடிந்தது. மேட்டில் நின்ற கன்று "ம்மா!" என்று கத்தியது. வெயிலில் அதன் நாக்கு வெளியே தொங்கியது. வீராயியின் கோபம் எல்லாம் அழுங்கின் மேல் திரும்பியது.

"ஏன்டி இப்படிப் பயந்து சாகிறே? தொட்டதும் சுருண்டுக்கிறியே!"

அழுங்கு தலையை நீட்டியது. "பயமா? யாரு சொன்னது? ஆபத்து வந்தா நாங்க பிள்ளையை வயித்தோட வெச்சுச் சுருண்டுக்குவோம் அக்கா. அது பொத்திப் பிடிக்கிறது. புலியே வந்தாலும் பிரிக்க முடியாது."

வீராயி மெதுவாகக் கீரியிடம் திரும்பினாள்.

"அப்போ நீ பின்னால போறது?"

"பாம்பை வெளியே இழுக்க வேற வழி உண்டா? நான் பின்னால போனாத்தான் அது முன்னால வரும்."

"நீ ஏன் கத்துறே?"

"எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் பார்க்கணும், எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கத்தாம எப்படி?" என்றது மந்தி.

"என் வழக்கம் ஒண்ணுதான் வழக்கம்னு நெனைச்சிட்டேன்" என்றாள் வீராயி. "வாங்க, கிட்ட வாங்க." நாலு தலைகளும் ஒன்று சேர்ந்தன.

மறுபாதியில் செந்நாய்கள் திணறின. கீரி பின்வாங்கினால் பயமா, சூழ்ச்சியா? எருமை ஏன் பாயாமல் ஒதுங்கி நிற்கிறது? ஒன்றும் பிடிபடவில்லை. அவையோ ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி உதைத்தன. மந்தி அதை முன்கூட்டியே கூவிவிட்டது. புள்ளிகள் சமமாயின.

"கடைசிப் பாட்டு!" என்றது ஆமை.

செம்பனே வந்தான். கீரி நழுவியது. இன்னும் நழுவியது. செம்பன் அதைத் துரத்தி ஆழமாக உள்ளே வந்தான். "இடது கால்!" என்று மந்தி கூவியது. அழுங்கு நகர்ந்து கொடுத்தது. இடது கால் அதன் வயிற்றில் பட்டது. அழுங்கு சுருண்டது. இந்தத் தடவை பந்துக்குள்ளே செம்பனின் கால் இருந்தது!

செம்பன் இழுத்தான், உதறினான். பந்தையும் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கோட்டுக்கு ஓடினான். அங்கே மலை மாதிரி குறுக்கே நின்றாள் வீராயி. மூச்சு அறுந்தது. பாட்டு நின்றது.

"பிடி! சுனை வீராயி அணிக்கு!" என்று ஆமை கூவியது.

"விடு தாயி, காலு மரத்துப்போச்சு!" என்று செம்பன் அலறினான்.

"அழாதே கண்ணு, இதோ விடுறேன்" என்றபடி அழுங்கு நிதானமாகப் பிரிந்தது. செந்நாய்களிலேயே ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கன்று ஓடிவந்து சுனையில் வாயை வைத்தது. வயிறு உப்பும்வரை குடித்தது. வீராயி செம்பனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களும் குடிங்க. வழியை அடைச்சுப் படுக்காதீங்க, அது போதும்."

அன்று மாலை அணி குடிக்க வந்தபோது, முதல் வாய்த் தண்ணீரை அழுங்குதான் குடிக்க வேண்டும் என்று கீரியும் மந்தியும் அடம்பிடித்தன. வீராயி கடைசியாகக் குடித்தாள். யாரும் சொல்லாமல் அவளே பின்னால் போய் நின்றாள்.

பல வழக்கத்தார் ஒரே அணியில் நின்றால் மட்டும் பலம் வந்துவிடாது. ஒருவர் வழக்கத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த அணியை ஜெயிக்க ஆளிருக்காது.