பல்லி குடியிருந்த சந்து

சுவர் விழுந்தபோது உருமன் உள்ளேதான் இருந்தான். காலை நேரம், சாமைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். கலயம் கையில் ஒரு துள்ளு துள்ளியது. என்னடா இது என்று நிமிர்வதற்குள் மேற்குச் சுவர் மொத்தமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே கல்லுக்கடியில். கூரை பாதி அவன்மேல். புழுதி, இருட்டு, வாயெல்லாம் மண்.

இது அந்தக் காலத்தில் நடந்தது. பல்லியும் பாம்பும் வாய் திறந்து பேசிய காலம். மலைக்கும் அப்போது உயிர் இருந்தது. கூனிமலை என்று பெயர். பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், எப்போதாவது புரண்டு படுக்கும். அதன் முதுகில்தான் ஊர். மலை புரண்டால் ஊரில் ஒரு வீடு மிஞ்சாது.

வீடு விழும். ஆட்கள் சாவார்கள். மிஞ்சினவர்கள் அழுது முடித்து, மறுபடி கல் சுமந்து, முன்னைவிடக் கனமாகச் சுவர் வைப்பார்கள். அடுத்த முறை அந்தக் கனம்தான் அவர்கள் தலையில் விழும். ஏன் இப்படியே செய்கிறோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

உருமன் தொண்டை கிழியக் கத்தினான். வெளியே அவன் மனைவி செவத்தாள் அவன் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் புரட்டியது கிழக்குப் பக்கம். அவன் கிடந்தது மேற்குப் பக்கம்.

"கத்தாதப்பா. காதுகிட்டயே கத்துற," என்றது ஒரு குரல்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். மூக்குக்கு நேரே ஒரு பல்லி. அதன் வால் கல்லுக்கடியில்.

"நீயும் மாட்டிக்கிட்டியா?"

"மாட்டினது வாலுதான். நான் இல்ல." பல்லி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது. வால் தனியாகக் கழன்று கிடந்து துடித்தது. பல்லி நகர்ந்து வந்துவிட்டது.

உருமன் அந்த வாலையே பார்த்தான். "வலிக்கலையா?"

"வலிக்காம? ஆனா வாலு முளைச்சுக்கும். தலை முளைக்குமா?"

"என் காலு முளைக்காதே."

"அது தெரியுது. பேசாம கிட. உன் பொண்டாட்டி தப்பான பக்கம் தோண்டறா. சொல்லிட்டு வரேன்."

பல்லிக்கு அப்படி ஒன்றும் தலையெழுத்து இல்லை. தப்பித்தோம் என்று மரத்தில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. இடுக்குகளில் புகுந்து வெளியே போய்ச் செவத்தாளின் கைமேல் ஏறியது. செவத்தாளுக்குப் பல்லி என்றாலே ஆகாது. உதறி எறிந்தாள். அது திரும்ப வந்து ஏறியது. திரும்ப உதறினாள். மூன்றாவது முறை அது அவள் தோளில் ஏறிக் கத்தியது: "அடியே, உன் புருசன் அந்தப் பக்கம் கிடக்கான், நீ இங்க கல்லு பொறுக்கிட்டிருக்க!"

வெயில் ஏறுவதற்குள் அவனை வெளியே இழுத்துவிட்டாள். கால் மட்டும் அதற்கப்புறம் நேராகவில்லை. கெந்திக் கெந்தித்தான் நடந்தான்.

"இனிமே நீ எனக்கு அக்கா," என்றான் பல்லியிடம். "நான் எங்க இருக்கனோ அங்க உனக்கு ஓர் இடம் உண்டு."

"அக்காவா?" என்றாள் செவத்தாள். "அப்ப எனக்கு நாத்தனார். நல்லாருக்கு. வீடே இல்லாத வீட்டுக்கு நாத்தனார் மட்டும் வந்தாச்சு." அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குக் கிடைத்த கூழில் பல்லிக்கும் ஒரு சொட்டு வைத்தாள்.

செவத்தாளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதாவது ஒரு கூரைக்கடியில் பிறக்கவேண்டும், அந்தக் கூரை இதன்மேல் விழக்கூடாது. உருமன் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஊருக்கு மூப்பர் காடையன். கெட்டவர் இல்லை. யார் வீடு விழுந்தாலும் முதல் கல்லை அவர்தான் சுமந்து வருவார். அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டினார். "போன தடவை சுவரு ஒரு முழம். அதான் விழுந்திருச்சு. இந்தத் தடவை ரெண்டு முழம். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். உருமனும் ஆட்டினான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் கல் சுமக்க முடியாது. ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தான், கல்லோடு உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்தபடியே பல்லியைப் பார்த்தான். வால் போன இடத்தில் சின்னதாக ஒரு முளை வந்திருந்தது.

"அக்கா, வீடு எப்படிக் கட்டணும்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கட்டினதே இல்ல. இருக்கிற வீட்ல குந்திக்கிற சாதி நான்."

"உனக்கு வாலு மாதிரி, வீட்டுக்கும் உதிர்றதுக்குன்னு ஒண்ணு இருந்தா?"

"உதிரட்டும். எலும்பு நிக்கணும், அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டு பல்லி ஓர் ஈயைப் பிடிக்கப் போய்விட்டது. அதற்கு இந்தப் பேச்சில் பெரிய அக்கறை இல்லை.

உருமன் மூங்கில் வெட்டினான். மூங்கில் சுமக்க ஒரு கால் போதும். மூங்கில் கால்களை நட்டு, மேலே விட்டம் போட்டு, காட்டுக்கொடியால் கட்டினான். ஆணி இல்லை, செதுக்கிச் செருகியது இல்லை, கட்டுதான். மூங்கிலைப் பிளந்து பாய் முடைகிறமாதிரி தட்டி முடைந்து கால்களுக்கு நடுவே நிறுத்தினான். சாமை வைக்கோலை மண்ணோடு மிதித்துச் செவத்தாள் இரண்டு பக்கமும் பூசினாள். மூங்கில்தான் எலும்பு. மண் வெறும் வால்.

ஊரே வந்து சிரித்தது. "உருமன் கூடைக்குள்ள குடித்தனம் பண்ணப் போறான்!" "டேய், பிள்ளை பிறந்ததும் மூடி போட்டு வைப்பியா?" செவத்தாள் மண் அப்பின கையோடு திரும்பி, "உங்க வீடு மட்டும் என்னவாம்? கல்லறைக்குக் கதவு வச்சிருக்கீங்க," என்றாள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதற்கப்புறம் யாரும் கிட்டே வந்து சிரிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. தட்டி அளவு தப்பிவிட்டது. சுவர் விட்டத்தைத் தொடவில்லை, நாலு விரல் இடைவெளி சுற்றிவர நின்றுவிட்டது. உருமன் அளந்தது தன் கெந்துகிற காலில் நின்றுகொண்டு. கோணலாகத்தான் வரும்.

குடிபுகும் அன்று காடையன் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், மேலே பார்த்தார். "இதென்னடா சந்து? சுவரையும் கூரையையும் ஒண்ணாப் பிடிச்சாத்தான் வீடு. கல்லு வச்சு இறுக்கி அடைச்சிடு. காத்து வரும், பூச்சி வரும். பச்சை உடம்புக்காரி இருக்கப் போற இடம்."

"சரிங்க மூப்பரே," என்றான் உருமன்.

மறுநாள் மடியில் பொடிக்கல் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். சந்துக்குள் பல்லி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெள்ளையாய் இரண்டு முட்டை.

"எனக்கு ஓர் இடம் உண்டுன்னு சொன்னியே," என்றது பல்லி. "இதை எடுத்துக்கிட்டேன்."

உருமன் முட்டையைப் பார்த்தான், மடியிலிருந்த கல்லைப் பார்த்தான். பிறகு கல்லோடு இறங்கிவிட்டான்.

காற்று வந்தது. "அடைச்சியா?" என்று செவத்தாள் கேட்டாள். "நாளைக்கு," என்றான். அந்த நாளை வரவே இல்லை. முட்டை பொரிந்தது, குட்டிகளும் அங்கேயே தங்கின, அவன் இன்னமும் நாளைக்கு என்றான்.

மழை பிடித்த ஒரு பகலில் செவத்தாளுக்கு வலி கண்டது. மூப்பரின் மனைவி பொம்மாயிதான் ஊருக்குப் பேறு பார்ப்பவள். அவள் உள்ளே போனாள். காடையனும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"டேய் உருமா, நான் சொல்றதைக் கேளு. தூக்கிட்டு வா, என் வீட்ல பிறக்கட்டும். ரெண்டு முழச் சுவரு. யானை முட்டினாலும் அசையாது."

உருமன் மூப்பர் வீட்டுப் பக்கம் பார்த்தான். முதல் இரண்டு பிள்ளைகளும் கண்முன்னே வந்தன. மூப்பர் சொல்வது சரியாக இருந்தால்?

"இந்தாய்யா, தூக்கிட்டுப் போக நான் என்ன மூட்டையா?" என்று உள்ளேயிருந்து செவத்தாள் கத்தினாள். "ஓர் அடி நகர மாட்டேன்!"

அப்போதுதான் பல்லி சந்திலிருந்து தலையை நீட்டியது. "உருமா! மலை முழிச்சிருச்சு. என் காலுல தெரியுது. புரளப் போகுது!"

"ஊருக்குச் சொல்லணும்," என்றான் உருமன். இந்தக் காலோடு எவ்வளவு தூரம் ஓடமுடியும்?

பல்லி காத்திருக்கவில்லை. கூரை முகட்டுக்கு ஏறியது. அந்தச் சின்ன உடம்பு முழுக்கத் தொண்டையாகிவிட்டதுபோல் கத்தியது. "வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்க!" மழைக்கு மேலே கேட்கவேண்டும், இரண்டு முழச் சுவருக்குள்ளே கேட்கவேண்டும். திரும்பத் திரும்பக் கத்தியது. எவன் இப்படிக் கத்துகிறான் என்று திட்டிக்கொண்டு ஊர் வெளியே வந்தது.

மலை புரண்டது.

ஒவ்வொரு கல் வீடும் ஆளில்லாமல் விழுந்தது. யானை முட்டினாலும் அசையாத வீடு முதலில் விழுந்தது. உருமன் வீடு விழவில்லை. கூடையை ஆட்டினால் எப்படி முறுகுமோ அப்படி முறுகியது. கூரை ஒரு பக்கம் போனது, சுவர் ஒரு பக்கம் போனது. நாலு விரல் சந்து இருந்ததால் ஒன்றையொன்று இடிக்கவில்லை. மண் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. மூங்கில் நின்றது. உள்ளே, பொம்மாயியின் கையில், ஒரு பிள்ளை வீறிட்டது.

காடையன் வாசல் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் விடவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"பெண்ணா, ஆணா?"

"பெண்ணுங்க," என்றான் உருமன். பல்லியைத் தேடினான். முகட்டில் இருந்தது. "அக்கா!" என்றான். பல்லி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. தொண்டை தேய்ந்துபோய் "ச்ச், ச்ச்" என்று மட்டும் வந்தது.

செவத்தாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் கையை நீட்டித் தரையை விரலால் மெல்லத் தட்டினாள். "கேட்டுச்சு நாத்தனாரே," என்றாள். "நல்லாவே கேட்டுச்சு."

அன்று முதல்தான் பல்லி பேசுவதில்லை, உச்சுக் கொட்டுகிறது. நாமும் அந்தச் சத்தம் கேட்டவுடன் தரையைத் தட்டுகிறோம். கூனிமலையில் இன்றைக்கும் மூங்கிலைக் கட்டித்தான் வீடு, மண் உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்வார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் விடுவார்கள். அங்கே பல்லி இருக்கும். யாரும் துரத்துவதில்லை.

அன்றைக்கு மூப்பர் அந்தச் சந்தைக் காட்டிக் கேட்டார்: "ஏண்டா, கல்லு வச்சு அடைக்கச் சொன்னேனே?"

"சொன்னீங்க மூப்பரே," என்றான் உருமன். "அடைக்கலை."