பூரணி ஒரு தடவை பார்த்துவிடட்டும்

அமிர்தவல்லி அம்மா ஒவ்வொரு கோடையிலும் ஆசிரமத்தைப் பூட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். மலைக்கு மேலே, சோலைக்காட்டின் நடுவில் ஓர் ஏரி. ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. நடுவே தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். அங்கே பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போடுவார். மீன் மாட்டினால் தூண்டில் முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, கொஞ்சம் பார்த்துவிட்டு, ஏரியிலேயே விட்டுவிடுவார்.

சாமியாருக்கு எதற்கு லீவு என்று ஒரு சீடர் கேட்டே விட்டார்.

"சாமிக்கே நடை சாத்தறாங்க" என்றார் அம்மா.

அந்த வருஷம் திருமேனிநாதனும் கூடப் போனார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். எப்படியாவது இந்தக் கோடைக்குள் அம்மா கையால் காவி வாங்கிவிட வேண்டும் என்று இருந்தார்.

துறவு வாங்கப்போகும் விஷயத்தை மனைவி பூரணியிடம் அவர் முன்னமே சொல்லியிருந்தார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்ல நாலு நல்ல வரிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பூரணி அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காவி வேட்டிக்குக் கஞ்சி போட வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். பிறகு, மலை குளுகுளுவென்று இருக்குமாமே, நானும் வருகிறேன் என்று ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள். அந்த நாலு வரியும் வீணாய்ப் போனதில் அவருக்கு இன்றுவரை வருத்தம்.

ஏரிக்கரை விடுதியில் பூரணி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாரப்பத்திரிகை படிக்க உட்கார்ந்துவிட்டாள். திருமேனிநாதன் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரிசலில் ஏறினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

ஏரியின் நடுவுக்கு வந்ததும் கேட்டார்.

"எனக்குக் காவி எப்போ குடுப்பீங்க அம்மா?"

அம்மா அவர் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்தார்.

"ஒரு மீனைப் பிடிச்சு, விடுங்க. அப்புறம் பேசலாம்."

இவ்வளவுதானா என்று நினைத்தார் திருமேனிநாதன். விடுவதற்கு அவர் எப்போதோ தயார். பிடிப்பதுதான் நடக்கவில்லை. முதல் நாள் அவர் தூண்டிலில் சிக்கியது அவருடைய சொந்தத் துண்டு. மறுநாள் அம்மாவின் புடவைத் தலைப்பு. மீன்களுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். சாயங்காலம் கரைக்கு வந்தால், என்ன மாட்டியது என்று பூரணி கேட்பாள். ஒன்றும் இல்லை என்பார். அவள் பக்கத்தைப் புரட்டுவாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கிளம்பவிருந்த நாளன்று காலையில் தூண்டில் வெடுக்கென்று இழுத்தது. திருமேனிநாதன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பரிசல் ராட்டினம் மாதிரி சுற்றியது. மலைகள் சுற்றின. அம்மாவும் சுற்றினார். கடைசியில் அம்மா நீட்டிய கைவலையில் ஏறியது ஒரு கெண்டை, முழங்கை நீளம். வெயில் பட்டதும் பொன்னாக மின்னியது.

அம்மா முள்ளைக் கழற்றிக் கொடுத்தார். ரொம்ப அழகு என்றார்.

"விடுங்க."

திருமேனிநாதன் மீனை மார்போடு அணைத்துக்கொண்டார். கரையைப் பார்த்தார். பூரணி தூரத்தில் சிவப்பு ஸ்வெட்டரில் சின்னதாகத் தெரிந்தாள்.

"பூரணி ஒரு தடவை பார்த்துடட்டும் அம்மா. கொஞ்சம் வேகமாத் துடுப்புப் போட்டீங்கன்னா..."

அம்மா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. திருமேனிநாதன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கூவினார். எதிர்மலை அதைத் திருப்பிக் கூவியது. பூரணி தலையை நிமிர்த்தவில்லை. இன்னொரு தரம் கூவினார். அவள் பத்திரிகையை ஈ ஓட்டுவது போல ஒரு வீசு வீசிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினாள்.

மீனின் துள்ளல் தளர்ந்தது. திருமேனிநாதன் பயந்துபோனார். சட்டென்று குனிந்து அதைத் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். மீன் சற்று நேரம் அவர் கைக்குள்ளேயே அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒரு முறை ஆட்டிவிட்டுக் கறுப்புக்குள் இறங்கிப் போனது.

நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஈரக் கைகளைக் கூப்பினார்.

"விட்டுட்டேன் அம்மா. இனிமே காவி கட்டிக்கலாமா?"

"தாராளமா. நாளைக்கே தரேன்" என்றார் அம்மா. துடுப்பை எடுத்துக் கரையை நோக்கி வலிக்க ஆரம்பித்தார்.

"கட்டிக்கிட்டதும் முதல்ல யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவீங்க?"