வெறும் அலமாரி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. இந்தக் கதை நடக்கிற ரூமில் மெஷின்களைக் குளிர்விக்க முந்நூறு விசிறி ஓயாமல் ஓடுது. தள்ளி உட்கார்ந்தால் பாதிதான் காதில் விழும். பாதியைக் கேட்டுக்கொண்டு ஒருத்தர் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே ஆறுமுகநயினார் என்று ஒருத்தர். இருபத்திரண்டு வருஷம் ரெக்கார்டு ரூமில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கியவர். ஒரு ஆளுடைய காகிதம் இன்னொரு ஆளுடைய கட்டுக்குள் கிடந்தது என்கிற பேச்சே கிடையாது. காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபிறகு, ஐம்பத்தோராவது வயதில் அவரைத் தூக்கி, அதையெல்லாம் சேமித்து வைக்கிற சர்வர் ரூமில் போட்டார்கள்.

அங்கே அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எப்சிபா. வயது முப்பத்திமூன்று. முன்னே பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். நயினார் முதல் நாளே அவரை "டீச்சர்" என்றார். டீச்சர் இவரை "அண்ணாச்சி" என்றார். அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் பாடம் இதுதான்.

"டாக்டருக்கு இது ஒரு பெரிய அலமாரி மாதிரி தெரியும், அண்ணாச்சி. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் வரிசையா அடுக்கின மாதிரி."

"அப்படி இல்லையா?"

"அலமாரியே கிடையாது."

நயினார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. மூன்று கட்டிடத்தில் மூன்று பெட்டி, பெட்டிக்கு இருபது டிஸ்க், நடுவே வயர். ஒரு படத்தை நூறு துண்டாக்கி அங்கே பத்து இங்கே பத்து என்று போட்டு வைத்திருக்கிறது மெஷின்.

"அப்ப நெசமா இருக்கிறது என்ன?"

"துண்டு இருக்கு. எந்தத் துண்டு எந்த டிஸ்க்குலன்னு ஒரு சீட்டு இருக்கு. அந்தச் சீட்டைப் பார்த்து மெஷின் நமக்கு ஒரு அலமாரியைக் காட்டுது."

அன்றைக்கு மத்தியானம் நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையுடைய தலை ஸ்கேன் மூன்று கட்டிடத்தில் சிதறிக் கிடக்கிறதாம். இதை எப்படி ஒரு மனுஷன் பார்த்துக்கொண்டிருப்பது?

மறுநாளே கேட்டார். "டீச்சர், எப்ப அடுக்கப் போறோம்?"

"அடுக்கலாம். கீழே இருந்து அடுக்கணும். அதுக்குக் கொஞ்சம் இடம் வேணும். பொறுங்க."

கீழே என்றால் எது என்று நயினார் கேட்கவில்லை. பொறுங்க என்றது மட்டும் காதில் விழுந்தது, அது பிடிக்கவும் இல்லை.

பிடிக்காத சங்கதி இன்னொன்றும் இருந்தது. மெஷின் காட்டுகிற அலமாரிகளின் பட்டியலில் கடைசியாக ஒன்று. அதற்கு டீச்சர் வைத்த பெயரே 'வெறும் அலமாரி'. மொத்த இடத்தில் நூற்றுக்கு ஏழு பங்கை அது அடைத்துக்கொண்டிருந்தது. நயினார் திறந்து பார்த்தார். ஒரு படம் கிடையாது, ஒரு எழுத்து கிடையாது.

"இதை அழிச்சிரலாமா டீச்சர்?"

"வேண்டாம். அதுல ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு? ஒண்ணையும் காணோமே."

"பாத்துக்கிட்டே இருங்க."

வாரா வாரம் பார்த்தார். எக்ஸ்ரே ரூம் பால்துரையிடம் போய்ச் சொன்னார்: "எங்க டீச்சர் காத்தை அடைச்சுப் பூட்டுப் போட்டு வச்சிருக்காங்க வே!" இரண்டு பேரும் டீ சிந்தச் சிரித்தார்கள்.

மூன்று மாசம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை பால்துரை ஃபோன் போட்டான்.

"அண்ணாச்சி, உங்க மெஷின்ல படம் திறக்கதுக்குள்ள இங்க எலும்பு தானாக் கூடிரும் போலிருக்கே. ரெக்கார்டு ரூம்ல இருக்கும்போது நீங்க ஓடி வந்தே கொடுத்திருப்பீயளே."

நயினாருக்குச் சுருக்கென்றது. வெளியே வந்தார். சர்வர் ரூமுக்கு எதிரே ஆபரேஷன் தியேட்டர் வராந்தா. அங்கே ஒருத்தர் ஒரு ஜோடி சின்னச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தரையில் வைக்க மனசில்லாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"யாருக்கு?" என்றார் நயினார்.

"எம் மவளுக்கு. ஒம்பது வயசு. தலைக்குள்ள கட்டி. எட்டு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க." அந்த ஆள் இவர் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல படத்தைப் பாத்துப் பாத்துத்தான் கத்தி வைப்பாங்களாமே. படம் நல்லா வருமா ஐயா?"

"வரும்" என்றார் நயினார். "நான் பாத்துக்கிடுதேன்."

டீச்சர் பழைய கட்டிடத்தில் வயர் மாற்றப் போயிருந்தார். நயினார் படங்கள் இருக்கிற அலமாரியைத் திறந்தார். சிதறின துண்டுகளைச் சேர்த்து வைக்கிற டிஃப்ராக் ஒன்று அதற்குள்ளேயே இருந்தது. தட்டினார். திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகத் துண்டு துண்டுக் கோடு. 'சிதறல் 71 சதவீதம்'. கீழே ஒரே ஒரு பொத்தான்: 'ஒழுங்குபடுத்து'.

இருபத்திரண்டு வருஷம் அடுக்கிய கை. அமுக்கியது.

சிவப்புக் கோடு ஒவ்வொன்றாக நீலத்தோடு சேர்ந்தது. பார்க்கக் கண் குளிர்ந்தது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் சுவரில் இருக்கிற பெரிய திரையைப் பார்த்தார். மொத்த இடத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற திரை. காலையில் 91. இப்போது 94.

படம் எதுவும் கூடவில்லை. இருந்ததைத்தானே நகர்த்துகிறோம். பின்னே எப்படி நிறைகிறது?

95.

கதவு திறந்தது. டீச்சர் உள்ளே வந்தார், கையில் வயர்ச் சுருள். சுவரைப் பார்த்தார். நயினாரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீங்க?"

"அடுக்கினேன்."

"எங்க இருந்து?"

நயினார் திரையைக் காட்டினார். டீச்சர் வயர்ச் சுருளைத் தரையில் போட்டார்.

"மேல இருந்து அடுக்கிட்டீங்க. அலமாரிக்குள்ள ஒரு துண்டை இடம் மாத்தினா, கீழ இருக்கிற டிஸ்க்குக்கு அது பழைய துண்டுன்னு தெரியாது. புதுசு வருதுன்னு புது இடம் கொடுக்கும்."

"பழைய இடம் காலியாயிருமே."

"நேத்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன எடுத்தோம்?"

"ஸ்னாப்ஷாட்."

"ஸ்னாப்ஷாட்னா என்ன?"

அது அவருக்கே மனப்பாடமான பாடம். அந்த நேரத்தில் எது எங்கே இருந்ததோ, அந்த இடத்தை ஒரு மாசத்துக்கு வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது.

96.

"நூறு ஆனா?" என்றார்.

"எல்லா அலமாரியும் நிக்கும். தியேட்டர்லயும்."

நயினார் கண்ணுக்குள் அந்தச் செருப்பு வந்தது.

டீச்சர் நாற்காலியை இழுத்து, இப்போது 'நிறுத்து' என்று மாறியிருந்த பொத்தானை நோக்கி மவுஸ் அம்பைக் கொண்டுபோனார். நயினார் அவர் கையைப் பிடித்தேவிட்டார்.

"பாதியில நிறுத்தினா பிள்ளை படம் பாதி அங்கயும் பாதி இங்கயும் ஆயிராதா?"

"பாதியே கிடையாது அண்ணாச்சி. முதல்ல துண்டைப் புது இடத்துல எழுதும். எழுதினது சரியான்னு பார்க்கும். அப்புறம்தான் சீட்டை மாத்தும். எங்க நிறுத்தினாலும் சீட்டு பொய் சொல்லாது. கையை எடுங்க."

எடுத்தார். டீச்சர் அமுக்கினார். 'நிறுத்தப்படுகிறது' என்று வந்தது. வந்து அப்படியே நின்றது. கையில் எடுத்த துண்டுகளை வைத்து முடிக்காமல் அது நிற்காது போல.

97.

டீச்சர் ஃபோனை எடுத்தார். "பால்துரை, நான் சொல்ற வரைக்கும் ஒரு படம் எடுக்கக் கூடாது."

"நாப்பது பேர் வரிசையில நிக்காங்க டீச்சர். அவங்களுக்கு யார் பதில் சொல்லுவா?"

"நீ சொல்லு. வாய் உனக்கு நல்லாத்தான இருக்கு."

வைத்துவிட்டார். நயினார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியவில்லை.

"பழைய ஸ்னாப்ஷாட் முப்பது கிடக்கே டீச்சர். ரெண்டை அழிச்சா இடம் வந்துருமே."

"ஒண்ணை அழிக்கணும்னா, எந்தத் துண்டு வேற எதுக்கும் வேண்டாம்னு மெஷின் ஒவ்வொண்ணா எண்ணணும். எண்ணி முடிக்க மத்தியானம் ஆயிரும். எண்ணும்போது படம் வர இன்னும் இழுக்கும்."

98.

ஃபோன் அடித்தது. தியேட்டர் சிஸ்டர். "படம் திணறுது. அடுத்த படத்துக்குப் போக மாட்டேங்குது. டாக்டர் கத்தியை வெளிய எடுத்துட்டு நிக்காரு. சீக்கிரம்."

"வரும்" என்றார் டீச்சர். வைத்தார். "அண்ணாச்சி, வெறும் அலமாரி இருக்கா?"

நயினார் தரையில் கிடந்த வயர்ச் சுருளைக் குனிந்து எடுத்தார்.

"அண்ணாச்சி."

"வெள்ளிக்கிழமை அழிக்கப் போனேன்."

டீச்சர் நாற்காலியோடு திரும்பினார்.

"போய்?"

"உங்க பாஸ்வேர்டு கேட்டுது. திட்டிக்கிட்டே விட்டுட்டேன்."

டீச்சர் மூச்சு விட்டார். "திறங்க."

"அப்பவே திறந்து இடத்தைக் கொடுத்திருக்கலாமே! இவ்வளவு நேரம் ஏன்..."

"அடுக்குற வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது கொடுத்தா அதையும் தின்னுரும். நிக்கட்டும்."

99 என்று மாறியது. வராந்தாவில் யாரோ இருமினார்கள். அந்த அப்பாவாக இருக்கும். சின்னத் திரையில் 'நிறுத்தப்படுகிறது' என்ற எழுத்து போய் 'நின்றது' என்று வந்தது.

டீச்சர் குனிந்து பாஸ்வேர்டை அடித்தார். கீபோர்டை நயினார் பக்கம் தள்ளினார்.

"மூணு மாசமா கேட்டீங்கல்ல? அழிங்க."

வாரா வாரம் அழித்துவிடத் துடித்த விரல். இப்போது பொத்தான் மேல் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"டீச்சர், இது போயிட்டா நம்ம கையில வேற ஒண்ணும் இல்லையே."

"இல்ல."

அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. 99. நயினார் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். 99. அப்புறம் 97. அப்புறம் ஒரே தாவாக 92.

ஃபோன் அடித்தது. "படம் வந்துட்டு" என்றார் சிஸ்டர். "ஓடுது, நல்லா ஓடுது. டாக்டர் கேக்காரு, என்ன செஞ்சீங்கன்னு."

"ஒண்ணுமில்லாத ஒரு அலமாரியை நயினார் அண்ணாச்சி அழிச்சாருன்னு சொல்லுங்க."

ஒன்றரை மணிக்குத் தியேட்டர் கதவு திறந்தது. பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா பின்னாலேயே ஓடினார். செருப்பில் ஒன்று கைதவறி விழுந்தது. நயினார் அதை எடுத்துக்கொண்டு வார்டு வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"படம் நல்லா வந்துதாம் ஐயா" என்றார் அவர். "டாக்டரே சொன்னாரு. நீங்க பாத்துக்கிட்டீங்க."

நயினார் திரும்பினார். நேரே டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"என்னை ரெக்கார்டு ரூமுக்கே அனுப்பிருங்க."

"அங்க இப்ப கட்டில் போட்டுட்டாங்க. உட்காருங்க."

ஒரு மாசம் காத்திருந்தார்கள். பழைய ஸ்னாப்ஷாட்கள் ஒவ்வொன்றாகக் கெடு முடிந்து உதிர்ந்தன. இடம் 82க்கு இறங்கியது. அன்றைக்கு டீச்சர் கீழே இருந்து அடுக்கத் தொடங்கினார். எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஒரு துண்டை எடுத்தது, பக்கத்து டிஸ்க்கில் வைத்தது, சரிபார்த்தது, சீட்டை மாற்றியது, பழைய இடத்தை விட்டது. அப்புறம் அடுத்த துண்டு. மூன்று நாள் ஓடியது. சுவர்த் திரை ஒரு எண்கூட அசையவில்லை.

மூன்றாம் நாள் பால்துரை ஃபோன் செய்தான். "அண்ணாச்சி, என்ன மாயம் பண்ணினீய? தட்டினதும் வந்து விழுதே!"

நயினார் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தார். அதே சிவப்பு, அதே நீலம். துண்டு துண்டாக.

"டீச்சர், இங்க இன்னும் சிதறித்தான் கிடக்கு."

"யாருக்குச் சிதறிக் கிடக்கு? டிஸ்க்குக்கு இல்ல."

நயினார் திரையை மூடினார்.

டீச்சர் கீபோர்டை இழுத்து ஒரு புது அலமாரியை உண்டாக்கினார். நூற்றுக்கு ஏழு பங்கு. பெயர் அதே பெயர். சுவரில் 82 என்று இருந்தது 89 ஆனது. பாஸ்வேர்டு கேட்டது மெஷின். டீச்சர் கீபோர்டை நயினாரிடம் தள்ளினார்.

"போடுங்க."

"நானா?"

"எனக்குத் தெரிய வேண்டாம்."

நயினார் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு இந்த ரூமுக்கு ஒருத்தன் வருவான் டீச்சர். என்னை மாதிரி. இதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்பான். நான் என்ன சொல்ல?"

"பாத்துக்கிட்டே இருன்னு சொல்லுங்க" என்று டீச்சர் எழுந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, அவர் அடித்து முடிக்கிற வரைக்கும் திரும்பாமல் நின்றார்.