தெரியாத கேள்வி

பொதிகை மலையடிவாரத்தில் பொன்னுருவி என்றொரு பெண் வைத்தியர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்ட வேலப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு மாட்டுவண்டி ஓட்டியவர். மலைமேல் இருந்த அவருடைய ஊரில் வைத்தியர் கிடையாது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் மூன்று பேர் அவர் வண்டியிலேயே உயிர்விட்டார்கள். மூன்றாவது ஆளை அடக்கம் செய்த மறுநாள், மாடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வைத்தியம் படிக்க வந்துவிட்டார்.

படித்து முடித்தவர்களை வைத்தியர் சபை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். வாயால்தான் பதில். தேறினால் மருந்து கொடுக்கலாம். மூன்று முறை தவறினால் அதோடு சரி.

வேலப்பன் இரண்டு முறை தவறியிருந்தார். முதல் முறை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை, தெரியாத கேள்விக்கு வேறேதோ ஒரு வைத்தியப் பாடலை மளமளவென்று ஒப்பித்துப் பார்த்தார். சபையே சிரித்தது.

இந்த முறை ஆயிரத்து இருநூறு பாடல்களும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் பயம் விடவில்லை. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில், பொன்னுருவி வேர் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"அம்மா, எனக்குத் தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது?"

பொன்னுருவி கத்தியைக் கீழே வைத்தார்.

"உட்காருங்கள். இன்றைக்கு நீங்கள்தான் சபை. என்னைக் கேளுங்கள்."

வேலப்பன் தயங்கித் தயங்கித் தொடங்கினார். நாடியைப் பற்றிக் கேட்டார். நஞ்சு முறிவைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் வந்தது. கடைசியில், தன் வண்டியில் இறந்த மூன்றாவது ஆளுக்கு வந்ததைச் சொன்னார். ஏழு நாள் காய்ச்சல்; பிறகு விரல் நுனியெல்லாம் கறுத்தது; வலி மட்டும் இல்லை. அது என்ன நோய், அதற்கு என்ன மருந்து என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் பொன்னுருவி.

நாடியைப் பற்றிச் சொன்ன அதே குரல். வேலப்பனுக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. அப்படிச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்டுவிட்டார்.

"முன்பு இருந்தது" என்றார் பொன்னுருவி. "வைத்தியம் தொடங்கிய வருஷம், கண் சிவந்து ஒரு நெசவாளி வந்தார். எனக்குப் பிடிபடவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஏதோ ஒரு மருந்தைச் சொன்னேன். இன்றைக்கும் நான் போனால் எழுந்து கும்பிடுகிறார். என் குரலை வைத்துத்தான் நான் என்று அவருக்குத் தெரிகிறது."

பிறகு அவர் வேரை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

நான்காம் நாள் சபையில் பத்தொன்பது கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இருபதாவதை, அதுவரை வாய் திறக்காத ஒரு கிழவர் கேட்டார். எந்தப் பாடலிலும் இல்லாத நோய். கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி ஒரு பாடல் நாக்கு நுனிவரை வந்தது. வேலப்பன் அதை விழுங்கினார்.

"தெரியாது ஐயா."

"அந்த நோயாளி உங்களிடம் வந்தால்?"

"அவரிடமும் இதையே சொல்வேன். தெரிந்தவர் எங்கே இருந்தாலும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு நானும் போவேன். அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்வேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தங்களுக்குள் கொஞ்சநேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு சபையின் முத்திரை வைத்த ஓலையை அவர் கையில் கொடுத்தார்கள்.

அன்று மாலையே வேலப்பன் திரும்பிவந்து ஓலையைப் பொன்னுருவியிடம் நீட்டினார். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேலப்பனுக்கு உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

"இனிமேல் எனக்குப் பரீட்சை இல்லைதானே, அம்மா?"

"வாசலில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்" என்றார் பொன்னுருவி. "போய் என்னவென்று கேளுங்கள்."