படகுக்குள் வந்தது

குரு கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். சீடன் கரையில் காத்திருந்தான்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் பெயர் நம்புத்தாய். கடலடிப் பாறையில் முளைக்கிற பாசியைப் பறித்து விற்றுப் பிழைக்கிற பெண். சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண் சட்டை, கண்ணில் முங்குகிறவர்கள் மாட்டுகிற கண்ணாடி, பாறை கிழித்துவிடாதபடி விரலெல்லாம் துணிச்சுற்று, நீந்துவதற்குத் தோதாகக் காலில் கட்டிய தகரத் தட்டு. இந்தக் கோலத்தில் ஒரு குருவைக் கண்டால் எவரும் கும்பிட மாட்டார்கள். வில்லாயுதம் கும்பிட்டான்.

அவன் மீன்பிடிக்கிறவன். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். ஊர் அவனைக் கேலி செய்து பார்த்து அலுத்துவிட்டது. ஒரு காலத்தில் அவனும் மலைக்கு மலை சாமியார்களைத் தேடி அலைந்தவன்தான். அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

ஒரு நாள் பாறையில் வலை கிழிந்துபோக, அவன் கரையில் நின்று கடலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். பாசி மூட்டையோடு அந்தப் பக்கம் போன நம்புத்தாய் கொஞ்சம் நின்றார்.

"அண்ணே, அது பதில் சொன்னா என்னையும் ஒரு சத்தம் குடுங்க. நானும் கேக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பார்த்தால் கோபத்தைக் காணவில்லை. அன்றிலிருந்து நம்புத்தாய் அவனுக்குக் குரு. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று குரு கரையேறியதும் வில்லாயுதம் ஓடிப்போய் மூட்டைக்குக் கைகொடுத்தான்.

"ஒரு சந்தேகம் தாயி."

"சொல்லுங்கண்ணே."

"எது நல்ல படகு?"

குரு மூட்டைக்குள் கைவிட்டு, பாசியோடு வந்துவிட்ட ஒரு குட்டி நண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

"தத்துவமாக் கேக்குறீகளா, படகாவே கேக்குறீகளா?"

"படகாவேதேன்."

"அப்பச் சரி. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். வில்லாயுதம் விஷயத்தைச் சொன்னான்.

அவனுடைய பைபர் படகு அடியில் விரிசல் கண்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டுப்போட்டு, இனி ஒட்ட இடமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. புதுப்படகு செய்ய வேண்டும். பட்டறையில் படகு வார்க்க இரண்டு அச்சு வைத்திருக்கிறார்கள். ஒன்று தணிந்தது, பழைய படகு மாதிரியே. இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது, பக்கம் நல்ல உயரம். வெள்ளிக்கிழமை காலையில் அச்சில் ரெசின் பசை பூச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் எந்த அச்சு என்று சொல்லியாக வேண்டும்.

"உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

"உசந்ததுதேன் தாயி."

"பெறகென்ன?"

"நீ ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியா இருக்கும்."

"எதுக்கு உசந்தது?"

வில்லாயுதம் மணலைக் கிளறினான். அவனும் மனைவி காளியம்மாளும் சேர்ந்துதான் கடலுக்குப் போவார்கள். கூட வந்த ஆள் ஒரு வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோக, "நான் வரவா?" என்று கேட்டு ஏறியவள் அவள். பிறகு வேறு ஆள் தேட இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

"ஐப்பசியில ஒரு நாளு," என்றான். "நல்லாத்தேன் இருந்துச்சு. திடீர்னு ஒரு அலை. கடலே உள்ள வந்துருச்சு தாயி. முழங்காலுக்குத் தண்ணி. எஞ்சின் நின்னு போச்சு. நாங்கூட வழுக்கி வெளிய போயி ஏறுனேன், அது கெடக்கு. அவ கேனை வச்சுக் கோரிக் கோரி ஊத்துறா, மொகத்துல ரத்தமே இல்ல. வீட்டுக்கு வந்து காச்சல்ல விழுந்தவதேன். எந்திரிச்சதுக்கப்புறமும் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இனிமே அவளை ஏத்துனா, கடல் உள்ள வராத படகுலதேன் ஏத்தணும்."

மனைவி என்றால் அவனுக்கு உயிர். ஊரில் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறான், அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

குரு விரலில் சுற்றிய ஈரத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"அளந்து பாத்தீகளா?"

"பட்டறையில ரெண்டுலயும் ஏறி நின்னு பாத்தேனே. தணிஞ்சது முட்டிக்கு மேல வருது. உசந்ததுல இடுப்பு மறையுது. அவ நின்னா நெஞ்சு வரைக்கும் வரும். பத்திரமா இருப்பா."

"உள்ள நின்னு பாத்தீக."

"ஆமா."

"வெளிய நின்னு பாத்தீகளா?"

"பாக்காம? ஒரு சொரசொரப்பு கெடையாது தாயி. பளபளன்னு கண்ணாடியாட்டம் இருக்கு. தடவிப் பாத்தா கை வழுக்குது."

குரு அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"வலை விடுறது யாரு?"

"நாந்தேன். விளிம்புல ஒத்தக் காலை ஊனிக்கிட்டு."

"எஞ்சின்?"

"அவதேன். எனக்கு மேல ஓட்டுவா."

"நாளைக்கு உசந்த படகு ஒண்ணைக் கொண்டாங்க. நாங்க பாசி எடுக்குற பாறைக்கு. மதினியையும் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு தாயி?"

"வெளிய நின்னு பாக்க."

பட்டறையில் வேறு ஊர்க்காரருக்காகச் செய்த உயர்ந்த படகு ஒன்று தயாராகி நின்றது. ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வில்லாயுதம் கெஞ்சி வாங்கிவிட்டான்.

மறுநாள் காலை கடல் சாதுவாக இருந்தது. இருந்தாலும் பாறைத் திட்டைத் தாண்டும்போது சிற்றலைகள் படகில் மோதின. மோதியதெல்லாம் வெளியிலேயே சிதறி விழுந்தது. வில்லாயுதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? ஒரு சொட்டு உள்ள வந்துச்சா?"

"ம்," என்றாள் காளியம்மாள். அவள் சின்ன உருவம். எஞ்சின் பக்கம் உட்கார்ந்தபோது விளிம்புக்கு மேல் தலை மட்டும்தான் தெரிந்தது.

பாசிப் பெண்களின் படகு நங்கூரம் போட்டு நின்றது. தணிந்த பழைய படகு. பெண்கள் முங்குவதும், எழுவதும், கைப்பாசியை உள்ளே வீசுவதும், மறுபடி முங்குவதுமாக இருந்தார்கள். மூச்சு வாங்கினால் விளிம்பில் கையைப் போட்டு ஒரு உருளல் உருண்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

குருவின் தலை தண்ணீருக்கு மேல் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"குதிங்கண்ணே."

கேள்வி கேட்கிற குணமுள்ளவன்தான். ஆனால் இப்போது கேட்கவில்லை. கைலியை மடித்து இறுக்கிக்கொண்டு குதித்தான். கால் எட்டாத ஆழம். எழுந்து முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏறுங்க."

ஏறப் போனான். கையை உயர்த்தினால் விளிம்பு விரல்நுனிக்கு எட்டியது. எம்பிப் பிடித்தான். நெஞ்சுவரை மேலே வந்தான். முழங்காலை ஊன்றப் பார்த்தான். பக்கம் முழுக்க அந்தப் பளபளப்பு. முழங்கால் வழுக்கியது, கை விட்டது, தண்ணீருக்குள் போனான்.

மறுபடி எம்பினான். மறுபடி விழுந்தான்.

"எஞ்சின் பக்கமா வரட்டா தாயி?"

"எஞ்சின் சுத்திக்கிட்டிருக்கு. காலைக் குடுப்பீகளா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. இந்தப் பக்கமே இன்னொரு தடவை முயன்றான். பாசிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "பெரிய மீனு, வலையைக் கொண்டாங்கடி," என்றாள். அவனும் சிரித்தான். சிரித்ததில் வாய்க்குள் உப்புத்தண்ணீர் போய்ப் புரையேறியது.

இருமல் நிற்கவில்லை. அதற்குள் மேலிருந்து இரண்டு கைகள் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தன.

காளியம்மாள் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தாள். உயர்ந்த விளிம்பில் வயிற்றை அழுத்தி, கால் தரையில் பாவாமல், பாதி உடம்பு வெளியே தொங்க, அவனை இழுத்தாள். இழுக்க இழுக்க அவள்தான் கீழே வந்தாள்.

"விடு புள்ள. நீயும் விழுந்துறாத."

அவள் விடவில்லை.

"சும்மா சோதிச்சுப் பாக்குறோம், காளி. நான் அந்தப் படகு நங்கூரக் கயித்தைப் புடிச்சுக்குவேன். விடு."

விடவில்லை. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐப்பசியில் பார்த்த அதே முகம்.

"போதும்ணே," என்றார் குரு. நீந்தி வந்து அவன் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார். "மதினி, நான் புடிச்சிருக்கேன். விடுங்க."

அப்போதுதான் அந்தக் கைகள் விட்டன.

குரு அவனைப் பாசிப் பெண்களின் படகுக்குக் கொண்டுபோனார். அவன் விளிம்பில் ஒரு கையைப் போட்டான். ஒரு எம்பு, ஒரு உருளல். உள்ளே பாசிக் குவியல்மேல் கிடந்தான்.

இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. நடுவில் தண்ணீரில் குரு, படகுக்கொரு கையாக இரண்டையும் தொட்டபடி காலை அசைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு மூச்சு அடங்கியதும் கேட்டார்.

"அண்ணே. ஐப்பசியில படகுக்குள்ள என்ன வந்துச்சுன்னு சொன்னீக?"

"கடலு தாயி. கடலே வந்துச்சு."

"மதினி, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு என்ன வந்துச்சு?"

காளியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டிருந்தது.

"இவுக வந்தாக," என்றாள்.

வில்லாயுதம் எழுந்து உட்கார்ந்தான்.

"தண்ணி வந்ததெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல நம்புத்தாயி. திரும்பிப் பாக்குறேன், நின்ன எடத்துல ஆளக் காணோம். சுத்திச் சுத்திப் பாக்குறேன், தலை தெரியல. கத்துறேன், எனக்கே கேக்கல. அப்ப ஒரு கை வந்து விளிம்பைப் புடிச்சுச்சு. சட்டையைக் கொத்தாப் புடிச்சு இழுத்தேன். எப்படி இழுத்தேன்னு தெரியாது. உள்ள வந்துட்டாக."

"அது..." என்று ஆரம்பித்தான் வில்லாயுதம்.

"அது கெடக்குன்னு சொல்லுவீக. எல்லார்கிட்டயும் அப்படித்தேன் சொல்லிக்கிட்டுத் திரியிறீக. நான் காச்சல்ல கெடந்ததே அந்தப் பயத்துலதேன்."

எதிர்ப்படகில் அவள் தலை மட்டும் தெரிந்தது. அந்தப் படகை எவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் ஒரேயடியாகப் போய்விடுமா என்ன.

"தணிஞ்சதுல தண்ணி உள்ள வருமே, புள்ள."

"வரட்டும். தண்ணி வந்தா கேனை வச்சுக் கோரிருவேன்." காளியம்மாள் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வெளிய போனா, உங்களை எதை வச்சுக் கோருவேன்?"

பாசிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கமாக விலகிப் போனார்கள். கேலி செய்தவளும் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வில்லாயுதம் உடம்பில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டான். பிறகு, பழக்கதோஷம், குருவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

"அப்ப வெள்ளிக்கிழமை எந்த அச்சுன்னு சொல்ல தாயி?"

குரு நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"படகுல போறது ரெண்டு பேரு," என்றார். "நீங்க வந்து கேட்டது மூணாவது ஆளை."

சொல்லிவிட்டு முங்கிவிட்டார்.

வில்லாயுதம் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினான்.