சப்பென்று போன திகில் கதை

கரும்பாறைக் காட்டில் கூர்முள்ளான் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. திகில் கதை சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. அது வாயைத் திறந்தால் போதும், மான்கள் மேய்ச்சலை மறந்துவிடும்; குரங்குகள் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் மயில்கள் காடெங்கும் அகவின.

"கூர்முள்ளானின் புத்தம்புதுக் கதை! 'தாமரைக் குளத்து மர்மம்'! இன்று மாலை அத்திமரத்தடியில்! வாருங்கள், நடுங்குங்கள்!"

இதைக் கேட்டதும் செவந்தி என்ற முயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவுமா? அதைப் பிழைக்க வைத்ததே கூர்முள்ளானின் கதைதான்! போன மழைக்காலத்தில் முள்ளில் மாட்டி அதன் பின்னங்கால் கிழிந்துபோயிருந்தது. புதருக்குள் சுருண்டு கிடந்த முயல், 'இனி நான் எழுந்திருக்கப் போவதில்லை' என்று மனம் தளர்ந்துவிட்டது.

அந்த நாட்களில் மழைக்கு ஒதுங்கிய கூர்முள்ளான், பக்கத்துப் பாறையடியில் அணில்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. புதருக்குள் ஒரு முயல் கிடப்பது அதற்குத் தெரியாது. கதை உச்சத்துக்குப் போகும்போது, "மீதி நாளைக்கு!" என்று நிறுத்திவிடும். மீதியைக் கேட்காமல் சாவதா? அந்த ஆவலிலேயே முயல் மெல்ல நகர்ந்து, வாய்க்கு எட்டிய புல்லைக் கடித்து உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மழை ஓய்வதற்குள் காலும் ஆறிவிட்டது.

அன்று மாலை செவந்தி முன்வரிசையில் இடம் பிடித்தது. பக்கத்தில் துடுக்கன் என்ற கீரி உட்கார்ந்திருந்தது.

கதை தொடங்கியது. தாமரைக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போன விலங்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குளத்தில் ஒரு முதலை இருந்தது. அதன் வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போனது.

"யார் அந்தக் கொலைகாரன்?" என்று கூர்முள்ளான் முழங்கியது.

"முதலைதான்! வேறு யார்?" என்று கீரி கொட்டாவி விட்டது.

"பொறு! கடைசியில் ஒரு திருப்பம் இருக்கும்!" என்றது செவந்தி.

திருப்பமும் வந்தது. "அத்தனையும் ஒரு குரங்கு கண்ட கனவு!" என்று சொல்லிக் கூர்முள்ளான் கதையை முடித்தது.

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு யானை காதை அசைத்து, "ஆகா!" என்றது. யானையே சொல்லிவிட்டதே! எல்லா விலங்குகளும், "ஆகா, ஆகா!" என்று ஆரவாரம் செய்தன.

செவந்தியின் காது இரண்டும் தொங்கிவிட்டன.

"ஆளிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது!" என்று கீரி அதன் காதோரம் கிசுகிசுத்தது. "வா, காடெல்லாம் சொல்லிச் சிரிப்போம்!"

"எனக்கும் கதை பிடிக்கவில்லைதான். ஆனால் அவர் கதையால் பிழைத்தவள் நான். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது."

"அப்படியானால், பிரமாதம் என்று பொய் சொல்லப் போகிறாயா?"

"அதற்கும் மனம் வராது!" என்றது செவந்தி.

கூட்டம் கலைந்ததும் அது தயங்கித் தயங்கி முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது. போன மழைக்காலத்தில் நடந்ததையெல்லாம் சொல்லி, "உங்களுக்கு நன்றி சொல்ல இன்றுதான் வாய்த்தது, அண்ணே!" என்று வணங்கியது. கூர்முள்ளானின் முகம் மலர்ந்தது.

"ஆனால் அண்ணே... இன்றைய கதை எனக்குச் சப்பென்று போய்விட்டது."

சடசடவென்று முட்கள் சிலிர்த்து நின்றன. "யானையே பாராட்டிவிட்டது! குறை சொல்ல நீ யார்?"

முயல் ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் அது ஓடவில்லை. "மீதிக் கதையைக் கேட்பதற்காகவே உயிர் பிழைத்தவள், அண்ணே!" என்றது.

முட்கள் மெல்ல மெல்லப் படிந்தன. கூர்முள்ளான் தணிந்த குரலில், "எந்த இடத்தில் உனக்குப் பயம் விட்டுப்போனது?" என்று கேட்டது.

"முதலையின் வயிறு உப்பியபோதே! அப்புறம் எல்லாம் கனவு என்றீர்களே, அப்போது அழுகையே வந்துவிட்டது. காணாமல் போன மான்குட்டிக்காக எவ்வளவு தவித்தேன் தெரியுமா? அவ்வளவும் வீணா?"

கூர்முள்ளான் பெருமூச்சு விட்டது. "பேர் வந்த பிறகு நான் எதைச் சொன்னாலும் ஆகா என்கிறார்கள். நானும் மெனக்கெடுவதை விட்டுவிட்டேன். நீ சொன்னாயே, அதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், தங்கச்சி!"

சில நாட்கள் கழித்து, ஒரு பகல் வேளையில் அது செவந்தியின் புதரைத் தேடிக்கொண்டு வந்தது.

"உட்கார். அதே குளம்தான். கொலைகாரன் மட்டும் வேறு!"

இந்தக் கதையில் முதலை பசியால் மெலிந்து கிடந்தது. காணாமல் போனவர்களுக்காகக் கண்ணீர் விட்டபடி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு முன்னால் நின்று தேடியது ஒரு கொக்கு. கடைசியில், அந்தக் கொக்கு மான்குட்டியைத் தனியே கூட்டிப்போய், "இந்தப் பக்கம் வா கண்ணே, ஆழம் இல்லை..." என்றதே! செவந்தி வீரிட்டுக் கத்திவிட்டது.

மான்குட்டி தப்பித்தது. கதையும் முடிந்தது. செவந்திக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"அருமை அண்ணே, அருமை! ஒரே ஒரு சங்கடம்தான்."

"மறுபடியும் குறையா?"

"தொண்டை வறண்டுவிட்டது. தனியாகக் குளத்துக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது!"

கூர்முள்ளான் முட்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. பிறகு முன்னால் நடந்தது. முயல் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனது.

நன்றியுள்ளவர் நேரில் சொல்லும் குறை, ஊரார் கூடிச் சொல்லும் புகழைவிட நன்மை செய்யும்.