பாட்டுக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்திலே மருதங்கா நாட்டைத் தெளிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பேர்தான் தெளிவர்மன், மண்டைக்குள்ளே எப்போதும் கலங்கல். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டுவான்.

ஒருநாள் அரண்மனை வித்வான் பஞ்சநதம் சபையிலே வந்து குதித்தார்.

"மகாராஜா! நான் கட்டிய மழைப்பாட்டை நடவுக்காரி காத்தாயி திருடிவிட்டாள்! நிதானமான பாட்டை ஓட்டமாக ஓட்டி, நடுவிலே குலவை வேறு போடுகிறாள். ஊரே அவள் பின்னால் போகிறது. நாடு கடத்துங்கள் அவளை!"

காத்தாயியைச் சபைக்குக் கூட்டிவந்தார்கள். அவள் கும்பிட்டாள். "சாமி, பாட்டு அவுகளுதுதான். சேத்திலே நின்னுக்கிட்டு அவுக மாதிரி இழுத்தா, நாத்து கையிலேயே வாடிரும். அதான் வெரசாப் பாடினேன்."

"சரிதானே!" என்றான் ராஜா.

"என் பாட்டிலே எனக்கு உரிமையில்லையா?"

"அதுவும் சரிதானே! அடடா, இப்போது நான் யார் பக்கம்?"

மந்திரி வெண்காடர் எழுந்தார். "பிரபு, இனி இந்தப் பாட்டை வித்வான் மட்டுமே பாடட்டும். மீறினால் காத்தாயிக்கு நாடு கடத்தல். ஆனால் பாட்டு வேண்டுமென்று யார் கூப்பிட்டாலும் அவரே போய்ப் பாடவேண்டும். உரிமை முழுக்க அவருடையது என்றால் வேலையும் அவருடையதுதானே?"

வித்வான் மீசையை முறுக்கினார். ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டிவைத்தான்.

பொழுது விடிந்ததும் நடவுப் பெண்கள் வித்வான் வாசலில் நின்றார்கள். "அய்யா, வயலுக்கு வாங்க!" அவர் முழங்கால் சேற்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் பிள்ளை அழுகிறதென்று ஒருத்தி வந்து இழுத்தாள். பிள்ளை தூங்குவதற்குள் அரண்மனைச் சேவகன் ஓடிவந்தான். எண்ணெய்க் குளியலில் ராஜா அந்தப் பாட்டை முணுமுணுக்க வாயைத் திறக்க, "பிரபு, சட்டம்!" என்று மந்திரி தடுத்துவிட்டாராம்; அதனால் வித்வானே வந்து பாடவேண்டுமாம்.

சாயங்காலம் வித்வானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "மகாராஜா, இந்த உரிமையே வேண்டாம்! காத்தாயியே பாடட்டும்!"

"நேற்று வேண்டுமென்றீரே?" ராஜா திருதிருவென்று விழித்தான்.

மந்திரி சிரித்தார். "பாட்டு என்றைக்கும் உம்முடையதுதான், வித்வானே. எல்லோரும் அவரவர் போக்கிலே பாடட்டும். பாடுமுன் உம் பேரைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்."

"பஞ்சநதம் அய்யா கட்டின பாட்டு!" என்று சொல்லிவிட்டு, மறுபடி சபைக்கு வந்த காத்தாயி பாடினாள். குலவை எழுந்ததும் வித்வானுக்குக் கண் கலங்கியது. "இந்த இடத்துக்குக் குலவைதான் வேண்டும். கட்டிய எனக்கு அது தோன்றவில்லையே!" என்று தலைகுனிந்தார். ராஜா இருவருக்கும் ஆளுக்கொரு முத்துமாலை போட்டான்.

மறுநாள் குளிக்கும்போது ராஜா உரக்கச் சொன்னான்: "பாட்டு பஞ்சநதத்துடையது! குலவை காத்தாயியுடையது!" பிறகு பாடினான். அந்தக் குரலைக் கேட்டு லாயத்துக் குதிரையெல்லாம் மிரண்டது.

"அந்த அபசுரம் யாருடையது பிரபு?" என்றார் வெளியே நின்ற மந்திரி.

"அதுவா? அது முழுக்க முழுக்க என்னுடையது!" என்றான் ராஜா. அந்த ஒன்றிலே மட்டும் அவனுக்குக் குழப்பமே இல்லை.